ரேகை இல்லாத கட்டைவிரல்கள்

வேலூர் ஜெயிலில் உப்புச் சத்தியாக்கிரகக்காரர்களை அடைத்து அடைத்து இடம் போதாமல் இருந்த காலம் அது. அந்தக் கோடையில்தான் இது நடந்தது. ஆம்பூரிலிருந்து பாலாற்றங்கரையோடு அரை மணி நேரம் நடந்தால் எங்கள் சேரி. சேரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு தோல் பதனிடும் கம்பெனி. எங்கள் சேரியில் கை கால் ஆடுகிற அத்தனை பேருக்கும் அங்கேதான் வேலை. நாடே விடுதலை விடுதலை என்று பேசிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு குடம் நல்ல தண்ணீர்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள். சேரியில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு, ஒளிப்பானேன்? கோலார் சுரங்கத்துக்குப் போன மகனுக்குக் கடிதம் எழுத வேண்டுமா, என் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். பதில் வந்தால் படித்துக் காட்டவும் நான்தான் வேண்டும். அழ வேண்டிய இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திப் படிப்பேன். அப்படி ஒரு கெட்டிக்காரி.

கம்பெனியில் எனக்குத் தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிற வேலை. என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புத் தொட்டி. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாளெல்லாம் புரட்டி, முடி கழன்றதும் இழுத்து வெளியே போட வேண்டும். அதற்குப் பிறகு ஆண்கள் அந்தத் தோலை மரத்தில் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சதையை வழிப்பார்கள். கழன்ற ஆட்டு மயிரைப் பெண்கள் உட்கார்ந்து அலசுவார்கள். பட்டை இடிக்கிற எங்கள் மூன்று நான்கு பேரைத் தவிர மற்ற எல்லார் கையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுண்ணாம்பில்தான் கிடக்கும்.

சேரிக்கு ஒரே ஒரு கிணறு. ஊர்க் கிணறுகளில் நாங்கள் கயிறு விட முடியாது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் கம்பெனியில் புதுத் தொட்டிகள் கட்டினார்கள். கழிவுத் தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். நேராக ஆற்றுப் பக்கம் விட்டால் நடுவே முதலாளியின் தென்னந்தோப்பு வரும். தென்னை பட்டுப்போகுமே என்று வாய்க்காலை வளைத்து எங்கள் கிணற்று ஓரமாகக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் பட்டுப்போவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இரண்டே மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. வாயில் வைத்தால் துவர்ப்பு, வயிற்றுக்குப் போனால் எரிச்சல். என் மகளுக்கு ஒன்றரை வயது. பேதி கண்டு கண்டு, இடுப்பில் தூக்கி வைத்தால் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இளைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. நான் விடிந்ததும் கம்பெனிக்கு மேற்கே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் சேர்த்துக்கொண்டு வருவேன். அது மகளுக்கு மட்டும். எங்களுக்குப் பழுப்புத் தண்ணீர்தான். கோடை முற்றி அந்த ஊற்றும் வற்றிப்போனால் அவளுக்கு என்ன கொடுப்பது என்ற நினைப்பு என்னைச் சாப்பிட விடவில்லை.

மேஸ்திரியிடம் சொன்னோம். சிரித்தார். முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றோம். ஆள் விட்டுப் போகச் சொன்னார்கள். அப்போதுதான் நான் சொன்னேன், தாலுகா கச்சேரிக்கு, அதாவது தாசில்தார் ஆபீசுக்கு, மனு எழுதுகிறேன் என்று.

எழுதினேன் பாருங்கள் ஒரு மனு! "மகாராஜராஜஸ்ரீ" என்று தொடங்கி, "தாழ்மையுள்ள ஊழியர்களும் தங்கள் பாதமே கதியென்றிருப்பவர்களுமான" என்று நீட்டி, மூன்று பக்கம். பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிற மனுக்களைப் பார்த்து வைத்திருந்தேன், அதே அலங்காரம். அடியில் என் கையெழுத்தும் எழுபது பேர் கைநாட்டும். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, ஒவ்வொருவர் கட்டைவிரலையும் நானே பிடித்து அழுத்தினேன். நாலைந்தைத் தவிர எல்லாம் கரிய வட்டமாகவே விழுந்தது. மை ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் எழுத்தின் அழகைப் பார்க்கிற அவசரத்தில் அவர்கள் விரலை நான் பார்க்கவில்லை.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்த ஒன்றரை மாதத்துக்குப் பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும், சதை வழிக்கிற வேலையில் மூத்தவரான ஒருவரும் ரயிலேறிப் போனோம். அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். உறவில்லை, அடுத்த தெரு, அவ்வளவுதான். தொட்டிக்குள் விழுந்ததில் அவருக்கு ஒரு கால் சற்று இழுக்கும். பேச்சு கம்மி.

கச்சேரி வாசலில், வெயிலில், படிக்குக் கீழே நின்றோம். குமாஸ்தா எங்கள் மனுவையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு மேலே நின்றார்.

"எழுபது கைநாட்டாம்! நாலஞ்சத் தவிர ஒண்ணுலயாவது ரேகை இருக்கா பாரு. ஒரே ஆள் எதையோ உருட்டி உருட்டி வெச்சிருக்கான். மனு எழுதினது யாரு? நீயா? போலிக் கைநாட்டுக்கு உன்மேல கேஸ் எழுதினா கம்பி எண்ணுவே, தெரியுமா?"

நான் வாயைத் திறக்கும் முன் மனுவை எங்கள் முன்னால் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குனிந்து அந்தத் தாளைப் பொறுக்கும்போது என் முகம் எரிந்தது. கெட்டிக்காரிக்கு வந்த சோதனை!

ரயிலில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்டேஷன் தாண்டியது. பிறகு தன் வலது கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் ஊறின மொச்சையைத் தோலுரித்த மாதிரி மழமழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

"எல்லாத்தயும் சுண்ணாம்பு தின்னுடுச்சிம்மா. அந்தாளு சொன்னது பொய் இல்ல. எங்களுக்கு ரேகையே கெடையாது."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நான்கு வருஷம் இந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறேன், இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறேன், ஒருநாள்கூட விரலைத் திருப்பிப் பார்த்ததில்லை. பத்து விரலும் வழவழ. எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களின் விரலைக் கம்பெனி தின்னுமாம், தின்ற பிறகு விரலில் ஒன்றுமில்லையே, நீ யாரடா என்று கச்சேரி கேட்குமாம். நல்ல நியாயம்!

"போதும் வுடு புள்ள," என்றார் அவர். "கைக்கொழந்தைய வெச்சிக்கினு ஜெயிலுக்குப் போவப் போறியா?"

"கைக்கொழந்த இருக்கறதாலதான்யா போறேன்," என்றேன்.

மறுநாள் பட்டை இடிக்கிற கொட்டகையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நிழல் இருப்பது அங்கே மட்டும்தான் என்பதால் எல்லாரும் அங்கேதான் வந்து கூழ் குடிப்பார்கள். நான் குமாஸ்தா சொன்னதைச் சொன்னேன். கம்பெனித் தோலை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகிற வண்டிக்கார பாய் ஒருவர் உண்டு. எழுபத்தொரு பேரில் அவரும் ஒருவர், ஏனென்றால் அவருடைய மாடுகளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நம்ம மாடே அந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. நாம குடிச்சிட்டு சும்மாக் கீறோம். இன்னா பண்ணலாம் சொல்லும்மா."

நான் கீழே பார்த்தேன். இடித்த ஆவாரம் பட்டைத் தூள் தரையெல்லாம் கம்பளம் போலக் கிடந்தது. குனிந்து அதைக் கையால் நிரவினேன். விரலால் சித்தப்பாவின் பேரை எழுதினேன்.

"கைநாட்டு வேணாம். எல்லாரும் பேர் எழுதலாம்," என்றேன்.

சிரித்தார்கள். இந்த வயசிலா, இந்தக் கையாலா என்றார்கள். ஒரு அம்மா, தன் பேரை எழுதினால் அது எப்படி இருக்கும், நீளமாக இருக்குமா குட்டையாக இருக்குமா என்று கேட்டாள். எழுதிக் காட்டினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "இவ்ளோ அழகா இருக்குதே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருவராகத் தன் பேரைக் காட்டச் சொன்னார்கள்.

சித்தப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கம்பெனி ஹாஜர்ப் புத்தகத்தில் அவர் பேர் 'நொண்டி' என்றுதான் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அங்கே அப்படித்தான் பேர் வைத்திருந்தார் மேஸ்திரி: நொண்டி, கறுப்பு, ஊமை, பல்லன். காலையில் அந்தப் பேரைக் கூப்பிட்டதும் "ஆஜர்" என்று சொல்ல வேண்டும்.

"நான் எந்தப் பேர எழுதணும்மா?"

"உங்கம்மா வெச்ச பேரு," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, தூளில் நான் எழுதியதன்மேல் தன் விரலை வைத்து ஓட்டினார்.

நாற்பது நாள் அப்படி நடந்தது. தினமும் கூழ் குடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான். மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டால் யாராவது இருமுவார்கள், எல்லாரும் காலால் தூளைக் கலைத்துவிடுவோம். சிலர் நாலே நாளில் பிடித்துக்கொண்டார்கள். சிலருக்கு ஒரு சுழி போட இருபது நாள் ஆயிற்று. என் வீட்டுக்காரர் வராமல் நான்கு நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்து, தன் பேருக்கு முன்னால் மகள் பேரைச் சொல்லித் தரச் சொன்னார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் நிறைந்துவிட்டது.

மறுபடி மனு எழுத உட்கார்ந்தேன். "தாழ்மையுள்ள" என்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது, அடித்தேன். "பாதமே கதி"யையும் அடித்தேன். மூன்று பக்கம் போய் முக்கால் பக்கம் ஆயிற்று. இன்ன கம்பெனி, இன்ன வாய்க்கால், இன்ன கிணறு, செத்த குழந்தைகள் இத்தனை. கடைசியில் இப்படி எழுதினேன்: 'எங்கள் விரல்களில் ரேகை இல்லை, கம்பெனிச் சுண்ணாம்பு அழித்துவிட்டது. ஆனால் எங்களுக்குப் பேர் உண்டு. தாங்கள் கிணற்றடிக்கு வந்தால் எழுபத்தொரு பேரும் தங்கள் கண்முன் எங்கள் கையால் பேர் எழுதுவோம். ஒருவர் எழுதாவிட்டாலும் போலி மனு எழுதியதற்காக என்மேல் கேஸ் போடலாம்.' அடியில் என் பேரை மட்டும் எழுதி, ரிஜிஸ்தர் தபாலில் தாசில்தாருக்கே அனுப்பினேன். கூடவே கிணற்றுத் தண்ணீரையும் ஒரு புட்டியில் அடைத்து அனுப்பலாமா என்று தபால்காரரைக் கேட்டேன். அவர் பயந்துபோய் வேண்டாம் என்றார்.

கேஸ் போடலாம் என்று நானே எழுதியது என் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததும் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் பயம்தான். இடுப்பில் இருக்கிற பிள்ளையை யாரிடம் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போவேன்? ஆனாலும் அந்த வரியை எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த ஒரு வரிதான் தாசில்தாரைக் கிணற்றடிக்கு இழுத்துவந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வந்தார், ஆனி மாதம் ஒரு காலை. கோட்டு, தலைப்பாகை, இறுகின முகம். அவர் உட்கார மேஜையும் நாற்காலியும் கம்பெனி ஆபீசிலிருந்து வந்தன. அதைப் பார்த்ததுமே இவர் யார் பக்கமோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் அந்தக் குமாஸ்தா. அவருக்குப் பின்னால் ஹாஜர்ப் புத்தகத்தோடு மேஸ்திரி. இன்றைக்கு வேலைக்கு வராமல் கிணற்றடிக்குப் போகிறவன் நாளைக்கும் வரவேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். அப்படியும் எழுபத்தொரு பேரும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த துணி கட்டி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

குமாஸ்தா காகிதத்தை எடுத்து வைத்தார். மைக்கூட்டைத் திறந்தார். பேனாவை எடுத்து நீட்டினார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

நாற்பது நாள் சொல்லிக்கொடுத்தேனே, ஒருநாளாவது பேனாவைக் கையில் கொடுத்தேனா? தூளில் விரலால் எழுதத்தான் அவர்களுக்குத் தெரியும். பேனா பிடிக்கத் தெரியாது. அதற்கும் பழக்கம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு ஆறு வயசிலிருந்து அது பழக்கம். கைநாட்டில் செய்த அதே தப்பை, அவர்கள் கையைப் பார்க்காமல் என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த தப்பை, மறுபடி செய்திருந்தேன்.

முதலில் கூப்பிட்டது சதை வழிக்கிற ஒருவரை. அவர் கை இருபது வருஷமாக இரண்டு பிடிக் கத்தியைத்தான் பிடித்திருக்கிறது. பேனாவையும் அப்படியே, இந்த முனையில் ஒரு கை, அந்த முனையில் ஒரு கை வைத்துப் பிடித்தார். குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கையால் பிடி என்றார். பிடித்து அழுத்தினார். காகிதம் கிழிந்தது. அடுத்து வந்தவர் அழுத்தினதில் பேனா முள் இரண்டாகப் பிளந்து மை தெறித்தது. மேஸ்திரி முதலாளி வீட்டுப் பக்கம் பார்த்துச் சிரித்தார். தாசில்தார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடிகாரத்தை எடுத்தார். என் மகள் இடுப்பில் சிணுங்கினாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேறு முள் மாட்டிக்கொண்டே குமாஸ்தா ஹாஜர்ப் புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிட்டார், "நொண்டி!"

யாரும் எழவில்லை.

"நொண்டி! யார்ரா அது?"

சித்தப்பா உட்கார்ந்தபடியே சொன்னார், "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க."

மேஸ்திரி பாய்ந்து வந்தார். தாசில்தார் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னே உன் பேர் என்ன என்று கேட்டார்.

"எழுதிக் காட்றேனுங்க," என்று சித்தப்பா எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு மேஜைக்குப் போனார். குமாஸ்தா பேனாவை நீட்டினார். சித்தப்பா அதை வாங்கவே இல்லை. மைக்கூட்டை எடுத்தார். கூட்டின் வாய் அவர் விரலுக்குச் சிறியது. சுற்றும் பார்த்தார். கிணற்றடியில் நான் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கிற சிரட்டை கிடந்தது. அதை எடுத்து மையை அதில் கவிழ்த்தார். ஆள்காட்டி விரலைத் தோய்த்தார். காகிதத்தின்மேல் குனிந்தார்.

எழுதினார். தூளில் எழுதின மாதிரியே, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு. ஒரு புள்ளி வைக்க மறந்து, திரும்பிப் போய் அதையும் வைத்தார். முழுத் தாளும் அவர் ஒருவர் பேருக்கே சரியாகப் போயிற்று.

தாசில்தார் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். வாய்விட்டுப் படித்தார். சித்தப்பாவின் முழுப் பேரையும் ஒரு அதிகாரி வாயால் நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

குமாஸ்தா விடவில்லை. ஹாஜர்ப் புத்தகத்தில் இந்தப் பேர் இல்லையே, செல்லாது என்றார்.

"அது மேஸ்திரி வெச்ச பேரு. இது எங்கம்மா வெச்ச பேருங்க," என்றார் சித்தப்பா.

"ஏன் பேனாவால எழுதலை?" என்று தாசில்தார் கேட்டார்.

"பேனா எங்களுக்கு யாரும் குடுத்ததில்லீங்க. வெரலு எங்ககிட்டயே இருந்துச்சு."

தாசில்தார் முகம் இளகவில்லை. குமாஸ்தாவிடம், "அடுத்தது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் புஸ்தகத்தை மூடு. அவங்களையே பேர் சொல்லச் சொல்லு" என்றார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! காகிதத்தைக் கிழித்தவர் திரும்பி வந்து சிரட்டையில் விரலைத் தோய்த்தார். தன் பேர் அழகாக இருக்கிறதென்று வாயைப் பொத்திய அம்மா வந்து எழுதிவிட்டு, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பாய் வந்து உருதுவில் வலமிருந்து இடமாக இழுத்துவிட்டு, "இதுவும் பேருதான் சார்" என்றார். அவருக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஒருவர் இரண்டாவது எழுத்தில் திக்கி நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ எழுத்தைச் சொல்லப் போனார்கள். குமாஸ்தா அதட்டினார். அவர் கண்ணை மூடி, காற்றில் ஒருமுறை எழுதிப் பார்த்து, பிறகு தாளில் எழுதி முடித்தார். குமாஸ்தா கொண்டுவந்த காகிதக் கட்டு பாதியில் தீர்ந்துபோய், தாசில்தார் கம்பெனி ஆபீசுக்கே ஆள் விட்டுக் காகிதம் வரவழைத்தார். வெயில் உச்சிக்கு ஏறியும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுதின தாள்களைக் காற்று அடித்துப் போகாமல் கிணற்றுச் சுவர்மேல் வரிசையாகப் பரப்பி, கல் வைத்தோம். கிணற்றைச் சுற்றி எங்கள் பேர்.

எழுபத்தொன்றாவது நான். எனக்குப் பேனா பிடிக்கத் தெரியும். ஆனால் நானும் சிரட்டையில்தான் விரலைத் தோய்த்தேன்.

கடைசியில் தாசில்தார் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைக்கச் சொன்னார். சிரட்டையைக் கழுவி ஒரு வாய் எடுத்துக் கொடுத்தேன். நாக்கில் பட்டதும் துப்பினார். அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் பொய். வாய்க்காலைத் திருப்ப ஆர்டர் வந்தது, தென்னந்தோப்பு வழியாகவே வெட்டினார்கள், அந்த மட்டும் திருப்தி. புதுக் கிணறு வர ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை அந்த ஆர்டர்படி கம்பெனி வண்டியில் தினமும் மேற்கே இருந்து நல்ல தண்ணீர் வந்தது. ஓட்டியவர் பாய்தான். என் மகள் தேறினாள். ஆனால் எனக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் ஒன்பது பேருக்கும் மறுநாளே வேலை போயிற்று. நான் பேரணாம்பட்டுக்குப் போய் பீடி சுற்றினேன். சித்தப்பா ரோட்டு வேலைக்குக் கல் உடைத்தார். பேஜார்தான், ரொம்ப நாள் பேஜார். ஆனாலும் கம்பெனியில் மிச்சமிருந்த அறுபது பேரும் ஒன்று செய்தார்கள். மறுநாள் காலை மேஸ்திரி ஹாஜர் கூப்பிட்டபோது 'கறுப்பு', 'ஊமை', 'பல்லன்' என்ற எந்தப் பேருக்கும் யாரும் "ஆஜர்" சொல்லவில்லை. மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் அவர் புதுப் புத்தகம் போட்டு, ஒவ்வொருவரையும் பேர் கேட்டு எழுதினார்.

அந்த விரல் எழுத்துத் தாள்கள் கச்சேரியில் எந்த அலமாரியில் கரையான் அரித்துக் கிடக்கின்றனவோ தெரியாது. என் மகள் இப்போது ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். அவள் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால், அந்தத் தாத்தா பேர் என்ன என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்காக நான் எழுதிக் கொடுத்த காலம் அந்தக் கிணற்றடியோடு முடிந்துவிட்டது, தன் பேரை அவரே எழுதிவிட்டார்.